ஹெட்மாஸ்டர் போன் செய்தால் சரி என்று சொல்லிவிடாதே

அழகர் துணை

கப்பலூர்,
மார்கழி மாதம், 2004.

அன்பு மகன் முத்துக்கருப்பனுக்கு அப்பா சோணை சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் பெண்டாட்டி முருகம்மாளும் பேத்தி பொன்னழகும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீ மஸ்கட்டில் எப்படி இருக்கிறாய் என்பதை எங்களுக்காகக் கூட்டிச் சொல்லாமல் உள்ளபடி எழுது. பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாயே, எதற்கு என்று கேட்டாயா, கேட்கவில்லை என்றால் கேள். இந்தச் சங்கதியைப் போனில் பேசியிருக்கலாம், ஆனால் பூத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் காது நீளம், அவன் மச்சான்தான் பொன்னழகு படிக்கிற பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு விறகு போடுகிறான். அதனால்தான் அடுத்த தெரு தனிஸ்லாஸைக் கூப்பிட்டு எழுதச் சொல்கிறேன். நான் சொன்னதை மட்டும்தான் எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே எழுதுகிறார், எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். ஹெட்மாஸ்டர் முருகம்மாளிடம் உன் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பொங்கலுக்குள் உன்னைக் கூப்பிடுவார். பொன்னழகு வீட்டிலேயே இருக்கட்டும், பேர் பள்ளிக்கூடத்தில் இருக்கும், வருகையும் போட்டுக்கொள்வோம், பாஸும் போட்டுவிடுவோம் என்று தேனாகப் பேசுவார். நீ சரி என்று சொல்லிவிடாதே. பெற்றவன் சொல் ஒன்று கிடைத்தால் போதும், அதோடு அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது.

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும், கூப்பிட்டால் திரும்பாததும் சத்தம் தாங்காததும் அதனால்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் மணிக்குப் பதில் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடிக்கிறார்கள், அதுவும் இவள் வகுப்பு வாசலுக்கு நேரே. ஆனியில் சேர்த்தோம், அடிக்கிறபோதெல்லாம் இவள் அலறி மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். முருகம்மாள் கம்பெனி வேலைக்குப் போய்விடுவதால் கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் நான்தான். ஹெட்மாஸ்டர் எனக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்து, “பெரியவரே, புள்ளைய எதுக்குப் போட்டு வதைக்கணும், வீட்டுல வச்சுக்கங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்” என்றார். முருகம்மாள் அழுதாள். எனக்கும் அப்போது நல்ல மனுசனாகத்தான் பட்டது, பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டோம், நாற்காலி போட்டதைத்தான் நான் யோசித்திருக்கவேண்டும். சந்தையில் மாட்டுத் தரகு பார்த்த காலத்தில் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தவனிடம் எல்லாம் மாட்டின் பல்லை இரண்டு தடவை பார்ப்பேன்.

அதற்கு முன்னால் நான் சந்தேகப்பட்டது ஷெரின் டீச்சரை. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு என்று கவர்மெண்டு போட்டிருக்கிற டீச்சர், ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகிற அம்மா. ஒருநாள் கூட்டிவரப் போனால் பொன்னழகு காதில் பஞ்சு வைத்திருக்கிறது. காது கேட்காத பிள்ளை என்று கணக்குக் காட்டப் போகிறார்கள் என்று நினைத்து வாசலிலேயே மறித்துக் கேட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை, “தாத்தா, அவளுக்குக் காது கேக்காம இல்ல, நமக்குக் கேக்குறதைவிட அம்புட்டு சாஸ்தியாக் கேக்குது, அந்தத் தண்டவாளத்தை அந்தப் பக்கம் மாத்துங்கன்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்” என்றது. பிள்ளையை வீட்டில் நிறுத்தினது தெரிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து, “யாரைக் கேட்டு நிறுத்துனீங்க” என்று எங்களைச் சத்தம்போட்டது. இன்றைக்கும் அந்த அம்மாவை நான் முழுசாக நம்பவில்லை, நாளைக்கே வேறு ஊருக்கு மாற்றல் வந்தால் போய்விடும். ஆனால் அது சொன்னது எதுவும் இதுவரை பொய்யாகவில்லை.

இனிமேல்தான் கவனமாகக் கேள். வீட்டில் இருக்கட்டும் என்றவர்களே நடுவில் ஆயாவை அனுப்பி, “இன்னைக்கு மட்டும் புள்ளையத் தலைசீவிக் கூட்டிட்டு வாங்க” என்றார்கள். ஆயுத பூசைக்கு முந்தின வாரம் ஒருதரம், பெருமழையில் கண்மாய்க் கரை உடைந்ததே அதற்கு மறுநாள் ஒருதரம், போன வெள்ளிக்கிழமை ஒருதரம். மூன்று தரமும் பள்ளிக்கூடத்து வாசலில், பார்வையிட வந்த அதிகாரி ஜீப்பு நின்றது. பிள்ளையை முதல் பெஞ்சில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். இதைவிடப் பெரிய சங்கதி, ஜீப்பு நிற்கிறவரைக்கும் அந்தத் தண்டவாளத்தை ஒருத்தரும் தொடவில்லை. ஆயாதான் வகுப்பு வகுப்பாகப் போய்க் கையைத் தட்டிப் பிள்ளைகளை வெளியே விட்டது. பொன்னழகு அலறவில்லை, கடிக்கவில்லை, பெஞ்சை விரலால் தடவிக்கொண்டு இருந்தாள். அப்படியானால் பிள்ளைக்கு எது ஆகாது என்று இவர்களுக்கு முதலிலிருந்தே தெரியும். அதிகாரிக்காக நிறுத்தத் தெரிந்தவர்களுக்குப் பிள்ளைக்காக நிறுத்தத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குத் திரும்பாமல் வராந்தாவிலேயே நின்று, அதிகாரியம்மா வெளியே வந்ததும் இதைச் சொன்னேன். ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டு, “பெரியவரு மாட்டுத் தரகு பாத்தவரும்மா, எதுலயும் சுழி பாப்பாரு” என்றார், எல்லோரும் சிரித்தார்கள். சுழி பார்க்காமல் வாங்கினவன்தானய்யா மறுவாரமே மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வருவான் என்று நானும் சொன்னேன். அதிகாரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. “தாத்தா சொல்றது இருக்கட்டும், பெத்தவங்க விருப்பம் என்னன்னு பொங்கலுக்குள்ள கேட்டு எனக்குச் சொல்லுங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டது. முருகம்மாளைக் கேட்டால் பயத்தில், “நீங்க பாத்து எது சொன்னாலும் சரி சார்” என்பாள், அதையே விருப்பம் என்று சொல்லிவிடுவார்கள். அவளுக்கு அப்படிச் சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், “சரி மாமா” என்கிறாள், அந்தச் சரியையும் நான் நம்பவில்லை. ஆகவே உன் வாய்ச்சொல்தான். என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார், அப்போதே உஷாராகிக்கொள். உங்கப்பா ஒத்துக்கொண்டார் என்பார், நான் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. நீ சொல்லவேண்டியது, என் மகள் தினமும் வருவாள், தண்டவாளத்தை மாற்றிக் கட்டுங்கள், அவ்வளவுதான். காரணம் கேட்டால் சொல்லாதே, காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள்.

இம்புட்டுப் பிடிவாதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். காலையில் பள்ளிக்கூடம் கூடுகிற நேரத்துக்கு நம் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு உன் மகள் வகுப்புப் பிள்ளைகள் பேரை எல்லாம் வரிசை மாறாமல் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். நாம் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, தன் பேர் வருகிற இடத்தில் நிறுத்தி, கையைத் தூக்கி, “உள்ளேன் ஐயா” என்கிறாள். அந்நேரத்துக்கு அங்கேயும் அவள் வந்திருப்பதாகத்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் நிற்காதே. கள்ளழகர் உன்னைக் காப்பாற்றட்டும், கை நிறைந்து நல்லபடியாக ஊர் வந்து சேர். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு நீ எடுக்கவில்லை என்றால் அதையும் சம்மதம் என்று சொல்லிவிடுவார், அதனால் எந்த வேலையில் இருந்தாலும் எடு.

இப்படிக்கு,
உன் அப்பா சோணை, கைநாட்டு.
எழுதியது தனிஸ்லாஸ். இதை ஷெரின் டீச்சரிடமும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் ஒட்டுவேன் என்கிறார் பெரியவர்.