பரீட்சையை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள்

பாசத்துக்குரிய மல்லிகா அக்கா,

எங்கே இருந்தாலும் யாரையாவது அதட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நம் கல்லூரியின் பழங்குடி மாணவர் பிரிவு இப்போது மாடிக்குப் போய்விட்டது. படிக்கட்டுக்குக் கீழே, நீங்களும் நானும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஜவ்வாது மலைப் பிள்ளைகளின் சாதிச் சான்று, உதவித்தொகை, ஹாஸ்டல் எல்லாம் பார்த்தோமே, அந்த அறையில் உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன. எனக்குக் கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறார்கள். உட்காருவது உங்கள் நாற்காலியில்தான். இன்னும் பழகவில்லை.

நீங்கள் போன நாளைப் பற்றி உங்களிடம் சொல்ல இத்தனை காலம் மனசு வரவில்லை. அன்று பல்கலைக்கழகப் பரீட்சை, பத்து மணிக்கு. ஹாஸ்டல் வாட்ச்மேன் விடியும்போதே பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். உங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றிருந்தது. நான் வருவதற்குள் மலைப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்து உங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஹால் டிக்கெட் சட்டைப் பையிலேயே இருந்தது.

மலையில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கும்வரை ஊரைவிட்டு யாரும் நகர மாட்டார்கள். அது அவர்கள் முறை. அதைப் புரிந்துகொள்ளாமல் 'டிமிக்கி கொடுக்கிறான்' என்று திட்டிய வாத்தியார்களோடு எத்தனை வருஷம் சண்டை போட்டீர்கள்! கடைசியில், சொந்தத்தில் சாவு என்றால் அதே மாதம் மறுபடி எழுதலாம் என்று பல்கலைக்கழகத்தையே ஒப்புக்கொள்ள வைத்தீர்கள். உத்தரவு வந்த அன்று ஆபீசுக்கே போண்டா வாங்கிக் கொடுத்தீர்கள், நினைவிருக்கிறதா?

நான் பிள்ளைகளைத் துரத்தித்தான் பார்த்தேன். "ஜல்தியா கெளம்புங்க. இன்னா பண்ணிகினு இருக்கீங்க இங்க? அக்கா பாத்தா வெளக்குமாத்தாலயே அடிப்பாங்க."

பொன்னிதான் பதில் சொன்னாள். கடைசி வருஷம், அவளுக்கு அதுதான் கடைசிப் பேப்பர். "எழுந்து வந்து அடிக்கட்டும் சார். அடிச்சா போறோம்."

பத்து மணி ஆயிற்று. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மறுபரீட்சை கேட்டுப் போனபோது முதல்வர் ஒரே கேள்விதான் கேட்டார். "அந்தம்மா இவங்களுக்கு என்ன உறவு? ஒரு உறவு சொல்லுய்யா, நான் எழுதி அனுப்பறேன்." அவர் கெட்டவர் இல்லை, அக்கா. விதியில் இருந்ததைக் கேட்டார். நீங்கள் ஆரணிப் பட்டுக்காரர் வீட்டுப் பெண், அவர்கள் மலைக்காரர்கள். எந்த உறவைச் சொல்வது? "எங்க வூட்டு சாவு சார்" என்றாள் பொன்னி. அது எடுபடவில்லை.

மற்றவர்கள் அடுத்த தடவை எழுதித் தேறிவிட்டார்கள். பொன்னிக்கு பி.எட். சேர இடம் கிடைத்திருந்ததே, அது அந்த ஒரு பேப்பரால் போயிற்று. மலைக்குத் திரும்பினாள், கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அவள் ஊரிலிருந்து வரப்போகிற முதல் டீச்சர் என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் அவ்வளவு பிரியமாக இருந்திருக்க வேண்டாம், அக்கா. கொஞ்சம் சிடுமூஞ்சியாக இருந்திருந்தால் அவள் அன்று பரீட்சைக்குப் போயிருப்பாள். இப்படி நினைப்பது தப்பா?

போன வாரம் படவேடு பஸ்ஸில் வந்து இறங்கினாள், இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு. "அந்தப் பேப்பர இப்ப எழுத வுடுவாங்களா சார்?" என்று கேட்டாள். பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அன்றைக்கே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். குழந்தைக்கு உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறாள். அதட்டலும் அதே அதட்டல்தான்.

பரீட்சை அன்று குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் செய்திருக்கிறேன். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன்: பரீட்சை நாளில் நான் செத்துப்போனால், மத்தியானம் மணி அடித்துப் பேப்பர் வாங்கும்வரை ஹாஸ்டலுக்குச் சேதி போகக் கூடாது. "இன்னா பேச்சு பேசிகினு இருக்க?" என்று என் மனைவி கத்தினாள். கத்தட்டும். சத்தியமாகச் சொல்கிறேன், அக்கா, என் சாவால் ஒரு பிள்ளையின் பரீட்சையும் போகாது.

எந்த விதியிலும் எழுத முடியாத உறவில்,
உங்கள் தம்பி
குமார்