பெரட்டு என்றால் வாந்தி இல்லை

குவாலா சிலாங்கூர்
1989

என்றைக்கும் இருபத்திரண்டு வயதிலேயே நிற்கும் என் கனகு அண்ணே,

இப்போது உன்னைவிட எனக்குப் பதினெட்டு வயது கூடுதல். நியாயமாகப் பார்த்தால் நீதான் என்னை அக்கா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட மாட்டாய், உன் திமிர் எனக்குத் தெரியாதா? போகட்டும். ஒரு நல்ல சேதி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ அன்றைக்கு வாந்தி எடுக்கவில்லை. அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது.

உனக்கு ஒன்றும் புரியாது. நீ போன பிறகு இங்கே நடந்த கூத்து உனக்கு எப்படித் தெரியும்? முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

காங்கோவில் அமைதி காக்கப் போன நம் படையின் லோரி ஒன்று பாலம் உடைந்து ஆற்றில் விழுந்தது, அதிலிருந்த இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள், அதில் ஒருவர் உங்கள் மகன் என்று தந்தி வந்தது. உடல் கிடைக்கவில்லை. பத்து நாள் கழித்து, விபத்துக்கு முதல் நாள் நீ எழுதிப் போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. அப்பா அதை ஒரே ஒரு தடவைதான் வாசித்தார். அம்மா அழுத அழுகையில் யார் காதிலும் எதுவும் விழவில்லை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் தபால்தலையில் இருந்த பறவை மட்டும்தான்.

பிறகு ஓர் அதிகாரி வந்து, பையன் கடைசியாக ஏதாவது எழுதினானா என்று கேட்டார். அப்பா கடிதத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று நம் தோட்டத்து லயத்தில் யாருக்குத் தெரியும்? ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. அன்று காலை நீ வாந்தி எடுத்தாயாம். நோயாளியாக அந்த லோரியில் ஏறிப் போனாயாம். உன் கடிதமே அதற்குச் சாட்சியாம். ஆகவே நீ பணியில் இறந்தவன் இல்லை, பணியில் இறந்தவர்கள் பட்டியலில் உன் பெயர் வராது. அந்தப் பாலத்தின் மேல் லோரியை அனுப்பியது யார் என்று அப்பா கேட்டதற்கும் அதே பதில்தான். நோயாளியின் குடும்பத்துக்கு அந்தக் கேள்வி எதற்கு?

லோரியை ஓட்டியது நீதான் என்று சொல்ல உயிரோடு ஆள் இல்லை. அன்றைக்கு யாருக்கு என்ன வேலை என்று எழுதிய தாளும் லோரிக்குள்ளேயே இருந்ததாம். அதுவும் ஆற்றோடு போய்விட்டது.

அப்பா அந்தப் பதிலை மடித்துப் பெட்டியில் வைத்தார். சாகும்வரை எடுக்கவில்லை. அம்மா வேறு மாதிரி உடைந்து போனார். உடம்புக்கு முடியாத பிள்ளைக்கு ஒரு வாய் கஞ்சி கொடுக்க அங்கே ஆளில்லையே என்று புலம்பினார். உன் திவசத்துக்கு வருஷா வருஷம் என்ன படைத்தார் தெரியுமா? நொய்க்கஞ்சியும் உப்பும். கஞ்சியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உனக்கு!

என்னால் அதை நம்ப முடியவில்லை அண்ணே. காரணம் சொல்லத் தெரியவில்லை, ஆனால் நம்ப முடியவில்லை. ராவாங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஓடி வருகிற பிஸ்கட்டில் உடைந்தது எது, கீறல் விட்டது எது என்று பார்த்துப் பொறுக்கி எடுப்பது என் வேலை. பதினைந்து வருஷமாக அதையே செய்கிறவளுக்கு ஒரு பொருள் சரியில்லை என்றால் கை தானாக நீளும். உன் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சுக்கு எழுதிப் போட்டேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். லீவு நாளிலெல்லாம் பஸ் ஏறிக் கோலாலம்பூர் போய் அந்த அலுவலக வாசலில் உட்கார்ந்தேன். கடைசியில் ரோஹானா என்ற அதிகாரி என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், ஒரு நாள் கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். நல்ல மனுஷி.

உன் கடிதம் உள்ளே இருந்தது. அதே சாய்ந்த எழுத்து, அதே எழுத்துப் பிழை. மூன்றாவது வரியில் நீ எழுதியிருந்தாய்: ‘நாளைக் காலையில் பெரட்டு. முடிந்ததும் லோரியில் கிளம்பி விடுவேன். யாரும் யோசனை பண்ண வேண்டாம்.’ அதற்குக் கீழே மலாயில் தட்டச்சு செய்த மொழிபெயர்ப்பு. ‘பெரட்டு’ இருந்த இடத்தில் ‘முந்தா’ என்று இருந்தது. வாந்தி!

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. ரோஹானா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்கே தெரியவில்லை.

தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் பெரட்டு என்றால் என்ன என்று சொல்வார்களே! விடிகாலையில் எல்லோரும் வரிசையில் நிற்க, ஆபீஸ் கிராணி பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. நம் தோட்டத்துக் கிராணியின் சட்டம் உனக்கு மறந்திருக்காது. கூப்பிட்ட ஒவ்வொரு பேருக்கும் பதில் வர வேண்டும். ஆள் வராவிட்டால் வீட்டு மனிதர் யாராவது காரணம் சொல்ல வேண்டும். அதுவரை பெரட்டு கலையாது. பட்டாளத்திலும் காலையில் வரிசையில் நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டதால் நீ அதையே எழுதிவிட்டாய். வேறு வார்த்தை உனக்கு எங்கே தெரியும்?

மொழிபெயர்த்தவர் பட்டணத்துக்காரராக இருக்க வேண்டும். வயிற்றைப் பிரட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த பிரட்டு. நாளைக்கு வயிறு பிரட்டும் என்று எவனாவது முதல் நாளே எழுதுவானா என்று அவருக்குத் தோன்றவில்லை. அவரைக்கூட நான் மன்னித்துவிட்டேன். அதற்குக் கீழே வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்களே, அவர்களைத்தான் முடியவில்லை. ஓர் ஆளைக் கடல் கடந்து அனுப்புகிறவர்களுக்கு, அவன் எழுதிய ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவன் வீட்டில் கேட்க நேரமில்லையா?

ரோஹானா யோசனை சொன்னார். பெரட்டு நடத்திய ஒருவர் எழுத்தில் சாட்சி சொன்னால் கோப்பைத் திறக்கலாம் என்றார். எனக்குத் தெரிந்து அப்படி உயிரோடு இருந்தது ஒருவர்தான். அதே கிராணி. நீ இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தாய் என்று உன் பேரை வெட்டி, நாலு பேர் முன்னால் வீட்டுக்கு அனுப்பினாரே, அவரேதான். அந்த ரோஷத்தில்தானே நீ பட்டாளத்தில் சேர்ந்தாய்.

ஊர் மேட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். அந்த யாழ்ப்பாணப் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை. சண்டைக்குத் தயாராகத்தான் படியேறினேன்.

“கனகராஜோ? பிந்தி வந்தவன். நான்தான் பேர் வெட்டினனான்” என்றார், நான் ஆரம்பிப்பதற்குள்.

“ஆமாங்கய்யா. அப்புறம்தான் அண்ணன் பட்டாளத்துக்குப் போனாரு. திரும்பி வரல.”

உன் வரியையும் அந்த ‘முந்தா’வையும் நான் எழுதிக் கொண்டுபோன காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

“பெரட்டு எண்டா என்னவெண்டு எனக்குத் தெரியாதோ? முப்பது வருஷம் கூப்பிட்டனான். நான் வெட்டின பேரை நான்தானே பிள்ளை திரும்ப எழுத வேணும்.”

அந்த வயதிலும் அவரே தட்டச்சு செய்தார். ஒரு முழுப் பக்கம், அத்தனையும் ஆங்கிலம், ஓர் அடித்தல் இல்லை. கோபத்தோடு போனவளை அழ வைத்து அனுப்பினால் எவ்வளவு எரிச்சலாக இருக்கும் தெரியுமா? எனக்கு இருந்தது. ஆனாலும் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். நீ கோபித்துக்கொள்ளாதே.

போன மாதம் பதில் வந்தது. கோப்பு திருத்தப்பட்டுவிட்டது. காலையில் வரிசையில் நின்று, வேலை வாங்கிக்கொண்டு, லோரி எடுத்துப் போனவன் நீ. பணியில் உயிர் நீத்தவன். இந்த வருஷ நினைவு நாளில் மற்றவர்களோடு உன் பெயரையும் வாசிப்பார்கள். பாலத்தைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும், பழைய ஆவணங்கள் தேடப்படுகின்றன என்று ஒரு வரி. தேடப்படுகின்றனவாம்! கீறல் விட்ட பிஸ்கட் எனக்குத் தெரியாதா?

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

“அப்ப புள்ள நல்லாத்தான் இருந்தானா?”

“நல்லாத்தாம்மா இருந்தாரு.”

“இத்தன வருசமா கஞ்சிய வச்சிருக்கேனே. கோவமா இருப்பான்லா” என்று சொல்லிவிட்டு, உடனே இறால் வாங்கிவரச் சொன்னார். திவசமும் இல்லை, ஒன்றும் இல்லை, ஒரு சாதாரணப் புதன்கிழமை. உனக்குப் பிடித்த மாதிரி காரம் தூக்கலாகச் சம்பால் செய்து உன் படத்துக்கு முன்னால் வைத்தார். கொஞ்சம் உப்பு அதிகம். சாப்பிட்டிருப்பாய்தானே?

இன்னொரு சேதி. நம் படை மறுபடியும் ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறது. இந்தத் தடவை நமீபியா. பக்கத்து வீட்டு சரசுவின் மகன் மணியும் போயிருக்கிறான், தொலைத்தொடர்புப் பிரிவில். அவர்கள் கிளம்பும் முன் குடும்பத்தாருக்கு விளக்கம் சொல்ல முகாமில் ஒரு கூட்டம் வைத்தார்கள். துணைக்கு வா என்று சரசு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஏன்தான் கூட்டிப் போனோம் என்று பிறகு நொந்திருப்பாள்.

சாப்பாடு நன்றாக இருக்கும், தடுப்பூசி போட்டாயிற்று, கவலை வேண்டாம் என்று ஓர் இளம் அதிகாரி பேசினார். கேள்வி உண்டா என்றார். எழுந்தேன். சரசு என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருக்கா. நம்ம பேரு கெட்டுடும்லா!”

“இருக்கிற பேருதான்டி கெடும். எங்கண்ணன் பேரு இருபத்தெட்டு வருசமா இல்லாமலே போச்சு. கைய விடு.”

எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். தினமும் யாருக்கு என்ன வேலை என்று எழுதுகிற தாளின் நகல் இந்த நாட்டுக்கு வருமா, இல்லை மறுபடியும் ஆற்றோடு போகுமா? பிள்ளைகள் தமிழில் எழுதினால் எங்களைக் கேட்காமல் யாராவது அர்த்தம் சொல்வார்களா? ஒரு பாலத்தைத் தாண்டு என்று சொன்னவர் யார் என்று கேட்டால் பெயர் சொல்வீர்களா?

பின்னால் இருந்து ஒரு மலாய்க்கார அம்மா கை தட்டினார், அவருக்கும் மகன் போகிறான் போலிருக்கிறது. அதிகாரி சிரித்துச் சமாளிப்பார் என்று நினைத்தேன். இல்லை. மூன்றையும் எழுதிக்கொண்டார். நகல் கட்டாயம் வரும், அதற்கு நான் பொறுப்பு, மற்ற இரண்டையும் மேலிடத்தில் கேட்டு எழுதுகிறேன் என்றார். அப்படியானால் உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்தார் அண்ணே! உன் விஷயத்தில் இத்தனை வருஷத்தில் பட்டாளத்து ஆள் ஒருவர்கூடத் தன் பெயரைச் சொன்னதில்லை. அந்தச் சீட்டை உன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். மேலிடத்துக்கு எழுதிவிட்டேன் என்று போன வாரம் அவரிடமிருந்து முதல் கடிதமும் வந்துவிட்டது.

மணி கிளம்பும்போது அவனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். காலையில் நடப்பதை வீட்டுக்கு எழுதும்போது விளக்கமாக எழுது, பெரட்டு என்று மட்டும் எழுதித் தொலைக்காதே என்றேன். “பெரட்டுன்னா என்னா அத்தே?” என்று கேட்டான். அவன் வீடமைப்புப் பகுதியில் வளர்ந்தவன், அவனுக்கு எப்படித் தெரியும்? சொல்லிக் கொடுத்தேன்.

நினைவு நாளுக்கு அம்மாவையும் கூட்டிப் போகிறேன். பெயர்களை வாசிக்கும்போது எல்லோரும் பேசாமல் நிற்பதுதான் அங்கே வழக்கமாம். இருக்கட்டும். நமக்கு நம் வழக்கம். உன் பெயர் வந்ததும் வீட்டு ஆளாக நான் பதில் சொல்வேன், “வந்தாச்சுங்கய்யா!” என்று, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. அதற்குப் பிறகு, அந்தப் பாலத்துக்கு உன்னை அனுப்பியவரின் பெயரை நான் கூப்பிட ஆரம்பிப்பேன். ரோஹானாவின் மேசையில், மேலே உள்ளவர் மேசையில், அதற்கும் மேலே இருப்பவர் மேசையில். அவர் செத்திருந்தால் அவர் வீட்டு ஆள் போல அரசாங்கம் வந்து காரணம் சொல்லட்டும்.

பதில் வரும்வரை பெரட்டு கலையாது. இது என் சத்தியம்.

வெட்டிய பேரைத் திரும்ப எழுத வைத்த
உன் தங்கச்சி
லெட்சுமி