மாமா சாப்பிடாமல் போன வெள்ளிக்கிழமை

மே 12, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. துணி காயல. கேஸ் முடியப் போகுது. வெள்ளவத்தை மார்க்கெட்டில் முருங்கைக்காய் கிடைச்சது, முற்றல்.

வீட்டுக்காரரோட அப்பாவும் அக்காவும், அதாவது மாமாவும் அண்ணியும், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து மூணு மாசம். அண்ணிக்குக் கனடா விசா வரும்வரை இங்கதான். அவங்க ஊரில் மச்சாள்னு கூப்பிடணுமாம். எனக்கு அட்டன் தேயிலைத் தோட்டத்துப் பழக்கம், அண்ணின்னுதான் வாயில் வருது.

மறக்காமலிருக்க:
மாமா – சிவப்பரிசி மட்டும். பருப்பு குழையக்கூடாது. பழைய கறி சூடாக்கினால் கண்டுபிடிச்சிருவார்.
அண்ணி – மீன் வச்ச சட்டியில் மரக்கறி கூடாது, கழுவினாலும். உள்ளி வேணாம், பூண்டைத்தான் அப்படிச் சொல்றாங்க.
நான் – எதுன்னாலும்.

மத்தியானம் தேங்காய்ப்பால் சொதி. மாமா கரண்டியால் தூக்கி ஊத்திப் பார்த்தார். "இது சொதியோ, அரிசி கழுவின தண்ணியோ?"

இன்னொரு கரண்டி சோறு வச்சேன்.

மே 14, வியாழன்

தோஹாவிலிருந்து இவர் கடிதம். ரெண்டு பக்கம். ஒரு பக்கம் முழுக்க அப்பாவைப் பற்றி. "அவர் வாய்தான் அப்படி, மனம் இல்லை." வாயோடதானே நான் நாள் முழுக்க இருக்கேன்.

காலையில் எனக்கு மட்டும் தடிச்ச ரொட்டி, இடிச்ச சம்பல். அடுப்படியில் நின்னபடி சாப்பிட்டேன். தண்ணி குடிக்க வந்த மாமா பார்த்துட்டார். "தோட்டத்து ஆக்கள் இதைத்தானே தின்னுறவை."

அண்ணி சிரிச்சாங்க. கெட்ட சிரிப்பு இல்ல. ஆனாலும்.

ரெண்டாவது ரொட்டியை மூடி வச்சேன்.

மே 15, வெள்ளி

இன்னைக்கு நடந்ததை ஒழுங்கா எழுதணும்.

மரக்கறி நாள். கத்தரிக்காய்க் குழம்பு, கீரை, தேங்காய்ப்பால் கூட விட்டுச் சொதி. அஞ்சு மணிக்கு எழும்பிச் செஞ்சது. மாமா ஒரு வாய் வச்சார், சோத்துக் கோப்பையைத் தள்ளினார். "சிவாவுக்கு வேற இடமே கிடைக்கேல்லை."

சிவா இவர்தான். வேற இடம்னா வேற பெண்.

சொல்லிட்டேன். "பிடிக்காட்டி கடையில போய்ச் சாப்பிடுங்க மாமா. காலி வீதி மெயின் ரோட்டில எத்தனையோ கடை இருக்கு."

மூணு மாசத்தில் முதல் தடவை எதிர்த்துப் பேசினது. கை கழுவினார். சட்டை போட்டார். படியிறங்கினார்.

அப்புறம்தான் மேசையைப் பார்த்தேன். அவர் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கண்ணாடிக் கூடு. யுத்த காலத்துக் கொழும்பில் தமிழ் ஆள் அட்டை இல்லாமல் வெளிய போறதில்ல. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கீழ் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

கூப்பிடல. ஒரு தடவை அலையட்டும்னு இருந்தேன்.

நாலு மணி. வரல. மருந்துக்கடைக்காரர் சொன்னார்: பஸ் நிறுத்தத்தில் பொலிஸ் சுற்றிவளைப்பு, அட்டை இல்லாதவங்களை லொறியில் ஏத்திக்கிட்டுப் போனாங்களாம்.

மே 16, சனி

பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கீழ்வீட்டுச் சிங்கள நோனா கூட வந்தாங்க. சிங்களத்தில் அவங்கதான் பேசினாங்க, வயசானவர், வருத்தக்காரர், உடம்புக்கு முடியாதவர்னு. மேசையில் இருந்தவன் நிமிரல. "ஹெட்ட எண்ட." நாளைக்கு வாங்க. அட்டையைக் காட்டினேன். அதுக்கும் அதே பதில்.

சோத்துப் பார்சலை வாங்கி வச்சாங்க. கொடுத்தாங்களோ தெரியாது.

அண்ணி அழுதழுது கேட்டாங்க. "அப்பா கார்ட்டை விட்டிட்டுப் போகமாட்டாரே. நீர் பாக்கேல்லையா?"

"இல்ல அண்ணி."

மே 18, திங்கள்

பத்து மணிக்கு மாமாவை விட்டாங்க. மூணு ராத்திரி. ஆட்டோவில் கூட்டிட்டு வந்தேன்.

குளிக்கச் சுடுதண்ணி வச்சேன். சட்டையில் ரெண்டு பொத்தான் காணோம். சோறு போட்டேன்.

"கரண்டி ஒண்டு தாரும்."

கையால் பிசைஞ்சு சாப்பிடுற மனுசன். வலது கை விரல் மடங்கல, வீங்கியிருக்கு. அண்ணி கேட்டதுக்கு, "விழுந்திட்டன்."

மே 21, வியாழன்

மழை விட்டுது. போர்வைகளைத் துவைச்சேன். டொக்டர் களிம்பு கொடுத்தார், எலும்பு உடையலயாம்.

மாமா எதைப் போட்டாலும் சாப்பிடுறார். குழைஞ்ச பருப்பு. நேற்றைய கறி. ஒண்ணும் சொல்றதில்ல. அண்ணிக்குச் சந்தோசம். "இப்பதான் அப்பாவுக்கு உம்மட கைச்சமையல் பிடிபட்டிருக்கு."

அடுப்படிக்குள் போய் நின்னேன். குழாயைத் திறந்துவிட்டு.

மே 23, சனி

அண்ணி கொச்சிக்கடை கிறிஸ்தவக் கோயிலுக்கு, விசாவுக்கு நேர்த்தி. சைவசமயக்காரிதான், ஆனாலும் போவாங்க. நானும் மாமாவும் மட்டும்.

சொதி வச்சேன். அவர் பாதி சாப்பிட்டபிறகுதான் நான் வாயில் வச்சேன். உப்பே இல்ல. துளிகூட.

"மாமா, உப்புப் போடல. சொல்லியிருக்கலாமே."

"பரவாயில்லை, பிள்ளை."

தாங்க முடியல. சொல்லிட்டேன். "அன்னைக்கு உங்க அட்டை மேசையில கிடந்ததைப் பார்த்தேன். நீங்க கீழ்ப் படியிலதான் இருந்தீங்க. வேணும்னே கூப்பிடல."

கடல் பக்கம் ரயில் போச்சு. கரண்டியைக் கோப்பையில் வச்சார்.

"எனக்கும் வாசல் கேற்றடியில ஞாபகம் வந்தது. திரும்பி ஏற ரோசம் விடேல்லை."

அது எனக்கு ஆறுதலா இல்ல. அவர் திரும்பாதது அவர் ரோசம். நான் கூப்பிடாதது வேற. அண்ணிகிட்ட இன்னும் சொல்லல. இவருக்கு என்ன எழுதுறதுன்னும் தெரியல.

"உப்பைக் கொண்டு வாரும்," என்றார்.

போத்தலை வச்சேன். விரல் கூடல, கிள்ளி எடுக்க முடியல. நான் தூவினேன். போதுமான்னு கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம்."