சக்கரத்தில் கட்டிய காப்பு

1926 அக்டோபர் 15, வெள்ளி. ஆயுத பூஜை.
பசுந்தாங் சந்தையில் வாழைக்கன்று விலை அநியாயம். பேரம் பேசி வாங்கினேன். கணக்கு எழுதியாயிற்று. இவருடைய பந்தய சைக்கிளுக்குச் சந்தனம் வைத்தேன். பார்த்துச் சிரித்தார். “சந்தனம் வை, மாலைகூடப் போடு. பந்தயத்தன்னைக்கு அதுல ஒரு நூலு இருக்கக் கூடாது. இது ஓடுற சாமி புள்ளே.”
ரங்கூனில் இன்றைக்கு இவர்தான் சாம்பியன். சைக்கிள் கடை முத்து முகம்மது ராவுத்தர் சம்பளம் கொடுத்து ஓட வைக்கிறார். ஊர்க்கண் முழுதும் இவர்மேல். காப்பு இல்லாமல் எப்படி?

அக்டோபர் 23, சனி.
இன்று பந்தயம். காலையில் இவர் குளிக்கப் போன நேரம், கோயில் காப்புக் கயிற்றைப் பின்சக்கரத்து அச்சோரம் கண்ணுக்குத் தெரியாமல் கட்டினேன்.
மாலை — விழுந்துவிட்டார். கடைசிச் சுற்றில். தோள்பட்டை இறங்கிவிட்டது. பக்கத்தில் ஓட்டி வந்த பர்மாக்காரர் கோ தின் மௌங் முழங்கையால் இடித்தாராம். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் அவரைத் திட்டினேன், வாய்க்கு வந்தபடி.

அக்டோபர் 25.
சைக்கிளைத் துடைத்தேன். பின்பக்கப் பல்சக்கரத்தில் மஞ்சள் நூல் — திரிதிரியாகச் சுற்றிக்கொண்டு, சங்கிலியை வெளியே தள்ளியிருக்கிறது.
முழங்கை இல்லை. நான்.
கணக்கு எழுதவில்லை.

அக்டோபர் 28.
பந்தயக் கமிட்டி கோ தின் மௌங்கை ஒரு வருஷம் விலக்கிவிட்டது. அவருக்குச் சம்பளம் கொடுத்து ஓட வைத்த லத்தா தெரு சைக்கிள் கடைக்காரரும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம். ராவுத்தர் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார். “சொந்த ஊரு மாவ்பிக்குப் போயி வயலு உழட்டும்!” இவர் சிரித்தார். நான் டீ கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டேன். அதுதான் வெட்கம்.

நவம்பர் 4. தீபாவளி.
புதுச்சேலை கட்டவில்லை. “தோளு வலி எனக்கா உனக்கா?” என்கிறார்.

நவம்பர் 8.
சஷ்டி விரதம் மூன்றாம் நாள். வேலவனுக்கு முன்னால் வாய் திறக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். நூலை இவர் கையில் வைத்தேன். அடிப்பார் என்று நினைத்தேன்.
“முழங்கை பட்ட மாதிரிதான் இருந்துச்சு” என்றார், மெல்ல, தனக்கே சொல்வது போல. அப்புறம்: “பொண்டாட்டி கட்டுன கயித்துல சாம்பியன் விழுந்தான்னா லத்தா கடைத்தெருவே சிரிக்கும். மூச்சு விடாதே.”
அந்த மனுசர் சோத்துக்கு என்ன பண்ணுவார் என்றேன். நூலைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார்.
நான் என்ன செய்யறது முருகா? கமிட்டியில துரைங்க முன்னாடி ஒரு பொம்பளை போயி நிக்க முடியுமா?

நவம்பர் 11. சூரசம்ஹாரம்.
கோயிலிலிருந்து வந்தால் வீட்டில் இவர் இல்லை. வலிக்கிற கையைத் துணியில் தொங்கவிட்டபடி கமிட்டிக்குப் போயிருக்கிறார். தின் மௌங் மேல் தப்பில்லை, கயிறு சங்கிலியில் மாட்டியது என்று சொல்லிவிட்டாராம். விலக்கை எடுத்துவிட்டார்கள்.
“யாரு கட்டினதுன்னு கேட்டாங்க. நான்தான்னேன்.”
விரதம் முடித்தும் சோறு இறங்கவில்லை. என் பக்தியை இவர் தலையில் கட்டிவிட்டேனே.

டிசம்பர் 18, சனி.
முதன்முறையாகப் பந்தயம் பார்க்கப் போனேன். இவர் மைதானத்தில் இறங்கியதுமே கூச்சல். “ஏ தாயத்து சாம்பியன்! கயிறு கட்டியாச்சா ராஜரத்தினம்? இடுப்புல ரெண்டு கட்டிக்க!” கத்தியவர்கள் துறைமுகத்து ஆட்கள், நம்மவர்கள்தான். இவர் தலை நிமிரவில்லை. பக்கத்திலிருந்த பெண் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். “ஆம்பளைக்கு இம்புட்டு பயமா அக்கா?”
“அவரு கட்டல. நான் கட்டினேன். அவரு பொண்டாட்டி.”
சத்தமாகவே வந்துவிட்டது. அவள் சிரிப்பு நின்றது. அப்புறம் வரிசை வரிசையாகச் செய்தி போயிற்று. முகங்கள் எல்லாம் மைதானத்தை விட்டு என் பக்கம். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன் என்று எழுத ஆசை. குனிந்துதான் இருந்தேன். மணி அடித்ததும் கைதட்டியதும் காதில் மட்டும்.
திரும்பி வரும்போது, யார் ஜெயித்தது என்று இவரிடமே கேட்டேன்.
“தின் மௌங்” என்றார். “நீயும் அங்கதானே இருந்தே?”