தங்கைக்குள் என் செல்கள்

ஆனி கடைசி வெள்ளி, இரவு

இன்று தங்கை செல்வியோடு ஐந்தருவிக்குப் போனேன். என் எலும்பு மஜ்ஜையை அவளுக்கு ஏற்றி ஒரு வருடமாகிறது. குளிக்க டாக்டர் இன்னும் விடவில்லை. சாரல் படும் தூரத்தில் நின்றோம்.

நோய் எதிர்ப்புச் செல்கள் மற்ற செல்களைத் தொட்டுப் பார்த்துத்தான் நம்மவரா அந்நியரா என்று அறியுமாம். டாக்டர் சொன்னது. மஜ்ஜையோடு போன என் செல்கள் அவளைத் தொட்டுப் பார்த்து அந்நியம் என்றே முடிவு செய்தன. அவள் தோல் சிவந்து உரிந்தது. மாதக்கணக்கில் மருந்து கொடுத்த பிறகே அடங்கின. அதிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சம்.

இன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

“ஏட்டி, காப்பாத்தத்தான் குடுத்தேன். அதுவே ஒன்னைய இந்தப் பாடு படுத்திட்டுதே.”

அவள் சிரித்தாள். “ஒன் செல்லு வேற எப்படிக்கா இருக்கும்? சின்னதுல இங்கன குளிக்கையில, எடம் பத்தலைன்னு என் சடையப் பிடிச்சு இழுப்பே. பொறவு நான் வழுக்கிருவேன்னு நீயே கையப் பிடிச்சுக்கிடுவே.”

எனக்கு அது மறந்தே போயிருந்தது. பாசிப் பாறை, அவளுடைய ஈரச் சடை, சின்ன விரல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

ஒரு வருடமாக அவளைத் தொடவே பயந்திருந்தேன். இன்று தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அவள் கையை விடவில்லை.