உள்ளே மடங்கிய கொக்கி

கூரம்
ஞாயிறு மாலை

அன்புள்ள மகள் ஜீவிதாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், நீ சுகம் என்று உன் வாயால் கேட்ட பிறகுதான் எங்களுக்குச் சோறு இறங்கியது. போனில் சொல்லலாம் என்றால் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் நீ போனில் "அப்பா, இங்க பூகம்பம்பா, ஆடுது, நான் மேஜைக்குக் கீழதான் இருக்கேன், பயப்படாதீங்க" என்றாய் அல்லவா, நீ அங்கே பதறாமல் உட்கார்ந்திருக்க, இங்கே நான் பாதி முகத்தில் சவர நுரையோடு "எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டுப் பழனி, "யோவ் மேஸ்திரி, ஆடறது ஜப்பான்ல, நீ இன்னாத்துக்கு ஓடிக்கினு இருக்கிற?" என்று கேட்டான். இன்றுவரை தெருவில் அதே பேச்சு, பிளேடு வாங்கப் போனால்கூடக் கடைக்காரர் சிரிக்கிறார்.

மறுநாள் நீ அனுப்பிய படத்தைப் பார்த்து அசந்துபோனேன். நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு அடியில், தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே, ரப்பரும் இரும்புத் தகடும் மாற்றி மாற்றி அடுக்கிய அவ்வளவு பெரிய உருளைகள். நிலம் இழுத்த இழுப்புக்கு அது நெளிந்துகொடுத்ததாம், மேலே கட்டடம் மெதுவாகத்தான் அசைந்ததாம், ஒரு தாத்தா கையில் இருந்த தேநீர்கூடச் சிந்தவில்லையாம். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வேலை இடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்தேன். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் முனிரத்தினம் வீட்டுக்குத்தான் இப்போது கம்பி கட்டுகிறோம். கீழே தறி போட நடுவில் சுவரே இல்லாத நீளக் கூடம், மேலே இரண்டு மாடி, எல்லாப் பாரமும் ஆறே தூண்மேல். படத்தைக் காட்டியதற்கு அடுத்த நாள் தூணுக்குக் காங்கிரீட் போடுவதாக இருந்தது. இன்ஜினியர் தீபிகா, உன் வயசுதான் இருக்கும், படத்தைப் பார்த்துவிட்டு, "ரப்பர் இருக்கட்டும் மேஸ்திரி, உங்க ரிங்கைக் காட்டுங்க" என்றது. தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையம் இருக்கிறதே, அதன் முனையை உள்பக்கமாக நன்றாக மடக்கவேண்டும் என்று அந்தப் பெண் மூன்று தடவை சொல்லியிருந்தது. நான் முப்பது வருஷப் பழக்கத்தில் சும்மா 'ட' மாதிரி மடக்கிவிட்டிருந்தேன், அதுதான் சீக்கிரம் ஆகும். ஒன்பதாவது படித்தவனுக்கு வரைபடம் தெரியாது என்று நினைக்காதே, தெரியும், சொன்னால் கேட்கத்தான் மாட்டேன். "குலுங்கினா கம்பிக்கு வெளிப்பக்கக் காங்கிரீட் உதிர்ந்துடும், உங்க கொக்கி பிரிஞ்சிக்கும், உள்ளே மடக்கினது பிரியாது. அங்க அடியில ரப்பரும் போட்டு, மேல தூண்ல கொக்கியையும் மடக்கினாங்க, அதனாலதான் உங்க பொண்ணு போன்ல பேசுது" என்றது.

முனிரத்தினத்திடம் போய், தப்பு என்னுடையது, பிரித்துக் கட்டவேண்டும், இரண்டு நாள் தள்ளுங்கள் என்றேன். "நல்ல நாள் பாத்து வச்சிருக்கேன், நம்மூருக்கு எங்கய்யா பூகம்பம் வரப்போகுது?" என்று குதித்தார். வராது என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். என் மகள் இருந்த ஊரில் வந்தது ஐயா என்றேன். தறி வரப்போகிற இடத்தைத் திரும்பிப் பார்த்தவர், "தறி மேடையில நாள் முழுக்க உக்காரப்போறது நான்தானே, பிரிச்சிக் கட்டுபா" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடும் போட்டார். ஆறு தூணுக்கும் ஒவ்வொரு ரிங்காக நானே மடக்கினேன், உள்ளங்கை இரண்டும் கொப்பளம், ஆனாலும் மனசு லேசு. தீபிகாவுக்கு நன்றி சொன்னேன், அது வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டது.

நீ கட்டில் பக்கத்தில் டார்ச்சும் செருப்பும் வைத்துக்கொள், நிலம் ஆடி முடிந்ததும் லிப்டில் ஏறாதே, அம்மா அனுப்பிய இட்லிப்பொடியைத் தீர்த்துவிடு. கர்த்தர் உன்னைக் கண்ணின் மணிபோலக் காப்பாராக. இன்று சபையில் எழுந்து நின்று, என் மகளைக் காத்தீரே ஸ்தோத்திரம் என்று சாட்சி சொன்னேன், அம்மா அழுதாள். இன்னொரு ஸ்தோத்திரமும் மனசில் இருந்தது, அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. உன் கட்டடத்துக்குக் கம்பி கட்டிய யாரோ ஒரு மேஸ்திரி என்னைப்போல் இல்லாமல் இருந்ததற்காக.

இப்படிக்கு
உன் அப்பா
ஜோசுவா