சுவரில் முளைத்த நெல்

நேற்று முற்பகல் நீடாமங்கலம் செல்லும் வழியில் பேருந்து சற்று நேரம் நின்றது. சாலையை அகலப்படுத்துகிறார்கள். கிளறிப் போட்ட கருங்களியின்மீது ஓர் இயந்திரம் வெண்பொடியைத் தூவிச் செல்ல, பின்னால் வந்த தண்ணீர் வண்டி அதை நனைத்தது. சுண்ணாம்பு நீறும் காரவாடை சன்னல் வழியே ஏறிவந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி சற்றே தள்ளி அமர்ந்துகொண்டார். தோழி, நீ இருந்திருந்தால் என்னைவிட உரக்கச் சிரித்திருப்பாய்.

நமக்கு மனைப்பட்டா கிடைத்த ஆண்டு நினைவுக்கு வந்தது. பண்ணைக்குச் சொந்தமான இடத்தில், போ என்றால் போகவேண்டிய குடிசைகளில் பிறந்தவர்கள் நாம். கூலிக்காகவும் நிலத்திற்காகவும் ஊரே கொடி பிடித்து நின்ற பிறகு, நம் இரு குடும்பங்களுக்கும் வாய்க்காலோரம் அடுத்தடுத்த மனைகள் ஒதுக்கப்பட்டன. ஒரே நிபந்தனை: தை மாதம் வருவாய் ஆய்வாளர் பார்வையிட வரும்போது வீடு எழும்பியிருக்க வேண்டும், இல்லையேல் பட்டா இரத்து. கொடுத்த இடமோ முழுக்கக் களி. வெயிலில் விரல் நுழையும்படி வெடிக்கும். மழையில் உப்பித் தன்மேல் நிற்பதைத் தள்ளிவிடும்.

பண்ணைக் காரியஸ்தர் சைக்கிளை நிறுத்தி, "கட்டுங்க, கட்டுங்க. கார்த்திகை மழ முடிஞ்சா எடம் தானா எங்க கைக்கு வந்துரும்" என்று நம் முகத்துக்கு நேரே சொன்னார்.

மறுநாளே படிப்பகத்திலிருந்து நான் ஒரு சிறுநூலைக் கொண்டுவந்தேன். பள்ளி வாசலை மிதியாமல், சுவரொட்டிகளிலும் மேடைப் பேச்சுகளிலும் தமிழ் கற்றவள் நான். அந்தச் செருக்கு எனக்கு நிறைய உண்டு, இன்றும் குறையவில்லை. தலைப்பை நிறுத்தி நிதானமாய் வாசித்தேன்: "கட்டுமானத்திற்கேற்பக் களிமண்ணுக்கு உரமூட்டும் முறைகள்." அடுத்த வரியில் "இரசாயனப் பொருள்களைக் கலத்தல்" என்றிருந்தது.

"உரம்னா வயலுக்குப் போடுறதுதானே புள்ள?" என்றாய்.

"வேறென்ன? இரசாயன உரம்."

"வூட்டுக்கு எதுக்குடி யூரியா? வூடு கதிர் விடப் போவுதா?"

"அச்சில் வந்திருக்கிறது. ஐயுறாதே."

"நீங்க சொன்னா சரிங்க புலவரே" என்று பெரிதாய்க் கும்பிட்டாய். ஆனாலும் உன் குத்தகை வயலுக்கென்று வைத்திருந்த யூரியாவில் பாதியை மறுபேச்சின்றி அள்ளிக்கொடுத்தாய்.

வைக்கோலை நறுக்கிப் போட்டு, கூடைக்கு ஒரு கைப்பிடி யூரியா சேர்த்து மண் மிதித்தோம். இடுப்பளவு சுவர் எழுந்தது. ஆவணியில் ஒரு நல்ல மழை. நான்காம் நாள் காலையில் சுவர் பச்சைப்பசேலென்று நின்றது! வைக்கோலில் ஒட்டியிருந்த நெல்லெல்லாம் முளைத்திருந்தது. உன் வெள்ளாடு முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி, நம் வீட்டைச் சாவகாசமாய் மேய்ந்துகொண்டிருந்தது. வெடித்த மூலைகள் வேறு சரியத் தொடங்கியிருந்தன.

"நாத்து தயார்டி. நடவுக்கு ஆள் கூப்புடவா?" என்று வாய்க்கால் கரையில் உட்கார்ந்து நீ சிரித்தாய். நான் அழுதேன். பட்டா போய்விட்டதென்றே நினைத்தேன்.

சிரித்து ஓய்ந்து கேட்டாய்: "அந்தப் பொஸ்தகத்த முழுசும் படிச்சியா?"

படிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் எனக்கு விளங்காத சொற்கள் இருந்தன, வெட்கத்தில் மூடிவிட்டிருந்தேன். அதை உன்னிடம் மட்டுமே ஒப்புக்கொண்டேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலையேன். தல ஒண்ணும் போயிராது. எழுத்துக் கூட்டிப் படி, நான் கேக்குறேன்."

கூட்டிப் படித்தேன். அங்கே உரம் என்றால் வலிமையாம். கலக்கவேண்டிய பொருளோ நீற்றிய சுண்ணாம்பு.

"வெத்தலைக்குத் தடவுறதா!" என்று துள்ளி எழுந்தாய். "அடிப்பாவி, அது எங்கூருல கும்பல் கும்பலாக் கெடக்கே!"

வேதாரண்யத்தை ஒட்டிய உன் பிறந்தகத்திலிருந்து, கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு இரண்டு மூட்டை பேருந்தில் வந்தது. கண்டக்டர் முறைத்தபோது, "புது வூட்டுக்குச் சீர்வரிசைங்க" என்று நீ சொன்ன மிடுக்கை நான் எப்படி மறப்பேன்! களியை உலர்த்தி உடைத்து, பதினாறு கூடைக்கு ஒரு கூடை சுண்ணாம்பு கலந்து, நீர் தெளித்து, ஒருநாள் மூடிவைத்தோம். பிறந்தது முதல் நம் கணுக்காலை விடாமல் பிடித்த அந்த மண், மறுநாள் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. "களி புட்டாயிருச்சுடி!" என்று கூவினாய். அந்தப் புட்டை இரு மனைகளிலும் அடித்தளமாய்ப் போட்டு இடித்து இறுக்கி, சுவரையும் புதிதாய் எழுப்பினோம்.

ஐப்பசி பெய்தது, கார்த்திகை கொட்டியது. சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை.

தையில் ஆய்வாளர் வந்தார். காரியஸ்தரும் உடன் வந்தார். ஆய்வாளர் கடப்பாரையால் தரையைக் குத்த, கடப்பாரை ணங்கென்று எகிறியது.

"இது களிதானாம்மா?"

"களிதாங்க சார். எங்க புலவர் ஒரம் போட்டாங்க. மொத தரம் வெளைஞ்சுது. ரெண்டாந் தரம் நின்னுது."

ஆய்வாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆயினும் கையெழுத்திட்டார். காரியஸ்தர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

நீ மறைந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. தெருவுக்கு வரும் தாள்களையெல்லாம் இன்றும் என்னிடமே கொண்டுவருகிறார்கள். கடைசி வரிவரை படிக்கிறேன். நேற்று மாலை உன் மருமகள் ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தாள். பாதியில் ஒரு சொல் இடறியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது எனக்குத் தெரியலம்மா. வா, தெரிஞ்சவங்களக் கேப்போம்" என்றேன். எவ்வளவு இலேசாக வந்தது தெரியுமா! அவள் வியந்து பார்ப்பதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.